கொழிஞ்சி வேரும் வேன் மஞ்சளும்

ஜூன் 9, ஞாயிறு

இன்று காலை என் மகளின் ஆராய்ச்சியைக் குடித்துவிட்டேன்.

சர்ச்சுக்குக் கிளம்பும் அவசரம். ஃப்ரிட்ஜைத் திறந்தால் பழுப்பு நிறத்தில் ஒரு பாட்டில். தங்கபுஷ்பம் அடிக்கடி சுக்கும் மல்லியும் போட்டுக் காய்ச்சி வைப்பாள். அதுதான் என்று முக்கால் டம்ளர் ஊற்றி ஒரே மூச்சில் இறக்கினேன். கசப்பு காது வரைக்கும் போனது. பாட்டிலில் ஏதோ எழுதி ஒட்டியிருந்தது. கண்ணாடி போடாததால் படிக்கவில்லை.

பத்து நிமிடம் கழித்து ஹெப்சி ஃப்ரிட்ஜ் முன்னால் நின்றுகொண்டு கேட்டாள். “யப்பா, இதுல இருந்தது எங்க?”

“நாந்தான் குடிச்சேன். ஒங்கம்மா சுக்க தீய விட்டுட்டா போல.”

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கொழிஞ்சி வேரை இடித்து, ஊறவைத்து, வடிகட்டி, வற்றவைத்து எடுத்த சாறாம். இரண்டு வார வேலை. கல்லூரி ஃப்ரிட்ஜ் ரிப்பேர் என்று இரண்டு நாளைக்கு வீட்டில் கொண்டுவந்து வைத்திருக்கிறாள்.

“நல்ல வேள, எலியக் கொண்டாந்து வைக்கல. அதையும் வறுத்துத் தின்னுருப்பாவ” என்றாள் தங்கபுஷ்பம்.

பிரசங்கம் நடக்கும்போது ஏப்பம் வந்தது. முன் பெஞ்சுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

ஜூன் 10, திங்கள்

வயிற்றுக்கு ஒன்றும் இல்லை. ஹெப்சி பேசவில்லை.

ஜூன் 13, வியாழன்

குடித்ததைத் திருப்பிக் கொடுக்க முடியாது, வேரையாவது திருப்பிக் கொடுப்போம் என்று அரை நாள் லீவு போட்டேன். ஹெப்சியை வண்டியில் ஏற்றிக்கொண்டு மேலப்பாளையம் தாண்டி ஒரு தரிசுக்குப் போனோம். கொழிஞ்சி முழங்கால் உயரச் செடிதான். பூ ஊதா. வேர் மட்டும் கடப்பாரையோடு மல்லுக்கு நிற்கிறது. முதலில் நான் பிடுங்கிய ஏழு செடியில் மூன்று அவுரி என்று தூக்கிப் போட்டாள். எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரிந்தது.

“ஈரலுக்குன்னா கீழாநெல்லி தான ஊரே சொல்லுது? இத ஏன் புடிச்ச?”

“அத ஊரே எடுத்து ஆராய்ஞ்சாச்சுப்பா. இத குறைவாத்தான் பாத்திருக்காவ. குடிச்சேன், பொழச்சேன்னு ஆளாளுக்கு சொல்லுதாவ. இதனால பொழச்சாவளா, தன்னால பொழச்சாவளான்னு பாக்கணும்லா.”

நான் பத்தாம் வகுப்பு. லாரி, வேன் பாடிக்கு ஸ்ப்ரே பெயிண்ட் அடிப்பவன். என் மகள் ஈரல் செல்லில் ஆராய்ச்சி செய்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேனே ஒழிய, என்ன செய்கிறாள் என்று இன்றைக்குத்தான் கேட்டேன். கண்ணாடித் தட்டில் ஈரல் செல் வளர்ப்பார்களாம். அதில் நஞ்சை விட்டால் செல் உடைந்து உள்ளே இருப்பது வெளியே கசியுமாம். கசிந்ததை அளந்தால் எவ்வளவு சேதம் என்று தெரிந்துவிடும். நஞ்சுக்கு முன்னால் செடிச் சாறைக் கொடுத்துவைத்தால் கசிவு குறைகிறதா என்பதுதான் கேள்வி.

“அப்போ இது பிரைமர்” என்றேன். “தகரத்துக்கு மொதல்ல பிரைமர் அடிச்சுட்டா துரு ஏறாது.”

நான்கு நாளுக்குப் பிறகு சிரித்தாள். “ஆமாப்பா. கிட்டத்தட்ட அதான்.”

“துரு ஏறின பொறவு அடிச்சா?”

“அதுக்கும் தனியா ஒரு தட்டு வச்சிருக்கேன். மொத நஞ்சு, பொறவு சாறு. அது கஷ்டம்.”

“என்ன கஷ்டம்?”

“ஒடஞ்சத ஒட்டணும்லா.”

“ஒட்டவே ஒட்டாதா?”

“யப்பா, பாத்தாத்தான தெரியும். கடப்பாரையப் போடுங்க.”

போட்டேன். வண்டியில் திரும்பும்போது இன்னொரு தடவை கேட்டேன். காற்றில் காதில் விழவில்லை என்றாள்.

ஜூன் 16, ஞாயிறு

வேர் கழுவுவது என் பொறுப்பு. மூன்று தண்ணீர். வெயிலில் போட்டால் உள்ளே இருக்கும் சரக்கு கெட்டுப்போகுமாம், நிழலில்தான் உலர வேண்டுமாம். வீட்டில் நிழலுள்ள ஒரே இடம் எங்கள் கட்டிலுக்கு அடியில். ஆக, ஆராய்ச்சிக்கு மேலேதான் படுத்திருக்கிறோம்.

“மெத்தைக்கு கீழ வேரு, மேல மரம்” என்கிறாள் தங்கபுஷ்பம். மரம் என்றது என்னை.

ஜூன் 19, புதன்

ஒர்க்‌ஷாப்பில் இன்னும் எப்.சி. கூட்டம், வண்டித் தகுதிச் சான்று வாங்க வருகிற கூட்டம், தீரவில்லை. பள்ளிக்கூடம் திறந்த பிறகும் பள்ளி வேன்கள் வரிசையில் நிற்கின்றன. மஞ்சள், மஞ்சள், மஞ்சள். சளி சிந்தினால்கூட மஞ்சள். மூன்று வேன் முடித்தேன். முன்பெல்லாம் ஐந்து முடிப்பேன். வயதாகிறது என்று நினைக்கிறேன்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஸ்ப்ரே அடித்து முடித்ததும் இரண்டு வாழைப்பழம், ஒரு துண்டு கருப்பட்டி. பெயிண்டில் கலக்கும் தின்னர் மூச்சோடு உள்ளே போனால் அதை இழுத்துக்கொண்டு போய்விடும் என்பது தொழில் பழகிய நாளில் கேட்டது. யாரும் அளந்து பார்த்ததில்லை. முப்பது வருடமாக முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு, பழம் தின்று, அதை நம்பியிருக்கிறேன்.

தகரத்துப் பள்ளத்தில் பட்டி பூசித் தேய்க்கும் பிச்சையா இன்று, “அண்ணாச்சி, பெல்ட்டுல எத்தன ஓட்டதான் போடுவிய? இன்னும் ரெண்டு போட்டா அது சல்லட” என்றான்.

வீட்டுக்கு வந்தால் தங்கபுஷ்பம் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்ன, கண்ணெல்லாம் மஞ்சளா இருக்கு?” என்றாள்.

“வேன் பெயிண்டு” என்றேன். நம்பினாள். என் சட்டை, காது, நகம் எல்லாமே அந்த நிறத்தில் இருக்கும்போது கண் மட்டும் எப்படித் தனியாகத் தெரியும்?

அவள் அடுப்படிக்குப் போன பிறகு, பெயிண்ட் நிறமெல்லாம் சதுரம் சதுரமாக ஒட்டிய ஷேடு கார்டை எடுத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். கண்ணின் வெள்ளையோடு ஒவ்வொரு சதுரமாக ஒட்டிவைத்துப் பார்த்தேன். பளீர் வெள்ளை இல்லை. பால் வெள்ளையும் இல்லை. தந்தம் என்று சொல்லலாம். கிரீமுக்குப் போகவில்லை.

ஜூன் 22, சனி

உலர்ந்த வேரைத் தூக்கிக்கொண்டு பாளையங்கோட்டையில் ஹெப்சியின் லேபுக்குப் போனேன். செருப்பைக் கழற்றச் சொன்னார்கள், தலைக்கு உறை மாட்டிவிட்டார்கள். கல்யாண வீட்டுச் சமையல்காரன் மாதிரி இருந்தேன்.

ரோஸ் நிறத் தண்ணீர் ஊற்றிய ஒரு தட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கச் சொன்னாள். முதலில் என் இமைமுடிதான் தெரிந்தது. பிறகு தெரிந்தது. கூழாங்கல் பாவிய தரை மாதிரி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, அமைதியாக. யாரோ ஒரு மனிதனின் ஈரலில் இருந்து என்றோ எடுத்ததாம். அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருடமாம். இது இன்னும் வளர்கிறது. அவர் பேர் என்ன என்று கேட்டேன். தெரியாது என்றாள். எனக்கு அது என்னவோ போல் இருந்தது. கும்பிடத் தோன்றியது, உறை மாட்டிய தலையோடு கும்பிட்டால் நன்றாக இருக்காது என்று விட்டுவிட்டேன்.

நஞ்சு விட்ட தட்டையும் காட்டினாள். கல் எல்லாம் பெயர்ந்து மிதந்தது. இந்த நஞ்சுக்கு என்ன வாசனை என்று கேட்டேன். மூடியைத் தூரத்தில் வைத்துத் திறந்தாள். மோந்து பார்த்தேன். சொந்தக்கார வீட்டுக்குப் போன மாதிரி இருந்தது. தின்னரேதான் இல்லை. அதன் ஒன்றுவிட்ட தம்பி.

கிளம்பும்போது, “யப்பா, ஒரு நிமிசம். கைய நீட்டுங்க” என்றாள். கசிவை அளக்கும் புதுக் கிட் வந்திருக்கிறதாம். அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க நல்ல ஆளுடைய ரத்தம் வேண்டுமாம். அதற்கென்று கம்பெனி அனுப்பவேண்டிய மாதிரி ரத்தம் இன்னும் வரவில்லை. தன் ரத்தத்தை எடுத்துவிட்டாள், இன்னொன்று தேவை.

“குடி கெடையாது, பீடி கெடையாது. ஒங்க ஈரல விட நல்ல ஈரல் எனக்கு எங்க கெடைக்கும்?”

யோசிப்பதற்குள் ரப்பர் பட்டையைக் கட்டியாயிற்று.

ஜூன் 24, திங்கள்

“கிட்டு குப்பைம்மா” என்று சொல்லிக்கொண்டே ஹெப்சி வீட்டுக்குள் வந்தாள், அம்மாவிடம். “என் ரத்தத்துக்கு இருபத்திரெண்டு காட்டுது. சரி. அப்பா ரத்தத்துக்கு நூத்தி எழுபத்தொண்ணு. நாப்பதத் தாண்டக் கூடாது. மூணு தடவ பண்ணிட்டேன். ஒண்ணுக்கு சரியாவும் ஒண்ணுக்கு கிறுக்குத்தனமாவும் காட்டுத கிட்ட வச்சு நான் என்ன செய்ய?”

“கம்பெனிக்காரனத் திட்டிராத. அவனும் மனுசன்தான்” என்றேன்.

மகளுக்குக் கிட் மேல் சந்தேகம் வந்தது. அப்பன் மேல் வரவில்லை.

ஜூன் 26, புதன்

ஹெப்சி கம்பெனியோடு போனில் ஒரு மணி நேரம் சண்டை போட்டாள். இங்கிலீஷில். அழகாக இருந்தது. பாவம் அந்தப் பையன்.

ஜூன் 27, வியாழன்

வழிகாட்டிப் பேராசிரியர் சொல்லிவிட்டாராம். ஜூலை இருபத்திரெண்டாம் தேதி குழு முன்னால் முடிவுகளைக் காட்ட வேண்டும். அளக்க ஒழுங்கான கிட் இல்லையென்றால் இனி டிசம்பர்தான். கிட்டைத் திருப்பி அனுப்பி மாற்று வர மூன்று வாரம் ஆகும். வளர்த்துவைத்த செல் அதுவரை காத்திருக்காது.

“ஆறு மாசம் போச்சும்மா” என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

ஜூன் 28, வெள்ளி

மார்ச் மாதம் எழுதாமல் விட்டதை இன்று எழுதுகிறேன்.

பேருந்து நிலையத்தில் இலவசப் பரிசோதனை முகாம். சும்மா போனேன். சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை என்று சந்தோஷமாக இருக்கும்போது அந்தச் சின்ன டாக்டர் தாளைப் பார்த்து, “எவ்வளவு நாளா குடிக்கிறீங்க?” என்றார்.

“தொட்டதே இல்ல சார்.”

சிரித்தார். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்கிற சிரிப்பு. “ஈரல் பொய் சொல்லாது” என்றார். ஈரல் கசிவு நூற்று நாற்பத்திரண்டு. எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர் எங்கள் சர்ச்காரர்.

நான் சபையின் மதுவிலக்குச் சங்கத்துச் செயலாளர். மாதத்தின் முதல் ஞாயிறு மேடையேறி, குடித்தால் ஈரல் என்ன ஆகும் என்று படம் போட்டு விளக்குகிறவன். அந்த ஈரல் என்னுடையது என்றால் யார் நம்புவார்கள்? நான் மேடையில் இருந்து இறங்கும்போது யார் முகத்தில் என்ன சிரிப்பு இருக்கும்? தாளை மடித்து ஷேடு கார்டு புத்தகத்துக்குள் வைத்துவிட்டேன். வாழைப்பழத்தை மூன்றாக்கினேன்.

இன்னொன்று. ஒன்பதாம் தேதி காலையில் என் கண்ணாடி சட்டைப்பையில்தான் இருந்தது. போட்டுக்கொண்டு படித்துவிட்டுத்தான் டம்ளரில் ஊற்றினேன்.

ஜூன் 29, சனி

ஹெப்சி காலையில் கிட்டை ஐஸ் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள், திருப்பி அனுப்ப. மார்ச் மாதத் தாளை மேலே வைத்தேன்.

“இது என்னது?”

“கிட்டு நல்ல கிட்டும்மா. அனுப்பாத.”

படித்தாள். தேதியைப் படித்தாள். மறுபடியும் மேலே போய்ப் பேரைப் படித்தாள், ஞானதிரவியம் என்று ஊரில் இன்னொருவன் இருந்தாலும் இருப்பான் என்று நினைத்தாளோ என்னவோ. பிறகு என் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பிக் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். செல்லைப் பார்க்கிற அதே முகம்.

“அம்மாகிட்ட வேன் பெயிண்டுன்னு சொன்னியல்லா.”

“வேன் பெயிண்டும் இருக்கு.”

“நாலு மாசம், யப்பா. நாலு மாசம் நான் இந்த வீட்டுல உக்காந்து ஈரலப் பத்தித்தான் பேசிக்கிட்டிருந்தேன்.”

“அதான் ஒனக்கு தெரியக்கூடாதுன்னு...”

“பேசாதிய.”

தங்கபுஷ்பம் அடுப்படி வாசலில் கையில் கரண்டியோடு நின்றாள். முப்பது வருடக் கல்யாணம். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“குடிக்கியளா?”

“இல்ல.”

“தெரியும். இருந்தாலும் ஒரு வாட்டி கேட்டுறணும்லா.” கரண்டியை வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். குழம்பு தீய்ந்தது. யாரும் எழுந்துபோகவில்லை.

மத்தியானம் ஹெப்சி ஐஸ் பெட்டியைத் திரும்ப லேபுக்கு எடுத்துக்கொண்டு போனாள். வாசலில் நின்று, “அந்தச் சாறையும் தெரிஞ்சுதான் குடிச்சிய, என்ன?” என்றாள். தலையாட்டினேன். “அதுல என்ன அளவு இருந்துச்சுன்னே எனக்கு தெரியாதுப்பா. எலிக்குக் கூட குடுத்துப் பாக்கல. ஒங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா?” என்றாள். அப்போதுதான் அழுதாள்.

ஜூலை 2, செவ்வாய்

ஆஸ்பத்திரி. இந்த டாக்டரும் குடியைப் பற்றி நான்கு முறை கேட்டார், நான்கு விதமாக. பீர்? திருவிழாவுக்கு? சிநேகிதர்களோடு? இருமல் மருந்து? நான்காவது தடவை ஹெப்சி, “சார், அப்பா பெயிண்டர். முப்பது வருசம், மாஸ்க் இல்லாம” என்றாள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு கேட்டதெல்லாம் தின்னரைப் பற்றி.

மஞ்சள் காமாலைக் கிருமி எதுவும் இல்லை. ஸ்கேனில் ஈரல் கொஞ்சம் தடித்து, ஓரம் சொரசொரப்பாக இருக்கிறதாம். பட்டி சரியாகத் தேய்க்காத கதவு என்று நினைத்துக்கொண்டேன். ஸ்ப்ரேயை இன்றோடு விட வேண்டும். விட்டால் ஈரல் தானாகத் தேறும் குணம் உள்ளது, ஆனால் எவ்வளவு திரும்பும், எவ்வளவு திரும்பாது என்று இப்போது சொல்ல முடியாது. மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம்.

“செடி மருந்து எதும் சாப்பிடலாமா சார்?” என்று கேட்டேன்.

“எத உள்ள அனுப்பினாலும் அதுக்கும் ஈரல்தான் வேல செய்யணும். அதுக்குக் கொஞ்சம் லீவு குடுங்க” என்றார். ஹெப்சி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 5, வெள்ளி

முதலாளியிடம் சொன்னேன். ஸ்ப்ரே ரூம் பக்கம் வர வேண்டாம், வெளியே வாட்டர் பேப்பரை வைத்துத் தகரம் தேய்க்கிற வேலை பார் என்றார். பிச்சையா எனக்கு வாத்தியாராகிவிட்டான். “தேய்க்கதுல ஒரு வட்டம் இருக்கு அண்ணாச்சி, அத மொத படிங்க.” வாழைப்பழம் தின்னரை இழுக்காது என்று அவனிடம் சொன்னேன். தின்றுகொண்டிருந்த பழத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தின்றான், பசி. சாயங்காலம் மாஸ்க் என்ன விலை என்று கேட்டான்.

ஜூலை 7, ஞாயிறு

முதல் ஞாயிறு. சங்கத்தில் பேசவில்லை. தொண்டை சரியில்லை என்றேன். தொண்டைக்கு ஒன்றும் இல்லை.

ஜூலை 13, சனி

ஹெப்சி கதவைத் திறக்கும்போதே தெரிந்தது. முதல் தட்டு வேலை செய்துவிட்டது. சாறை முன்னால் கொடுத்து வைத்த செல்லில் கசிவு ஏறக்குறைய பாதி. கிட்டை வைத்து மூன்று தடவை அளந்திருக்கிறாள், மூன்றும் ஒத்துப்போகிறது.

“எந்தப் பொருள் வேல பாக்குதுன்னு இனிமேத்தான் பிரிச்சுப் பாக்கணும். தட்டுல நடந்தது மனுசன்ல நடக்கும்னு சொல்ல முடியாது. ஆனா ஏதோ இருக்குப்பா.”

அந்த ‘ஏதோ இருக்கு’ என்பதை அவள் சொன்ன விதம். நானும் தங்கபுஷ்பமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இவளை நாம்தான் பெற்றோமா?

“ரெண்டாவது தட்டு?” என்றேன்.

“இன்னும் அளக்கல.”

ஜூலை 18, வியாழன்

இரண்டாவது தட்டைப் பற்றிக் கேட்டேன். பேசிக்கொண்டே போய்க் குளித்துவிட்டு வந்தாள். மோர்க்குழம்பு நன்றாக இருக்கிறது என்றாள்.

ஜூலை 21, ஞாயிறு

நாளை ஹெப்சி குழு முன்னால் பேச வேண்டும். சாயங்காலம் எங்களை வைத்து ஒத்திகை. சாப்பாட்டு மேஜையில் லேப்டாப், எதிரே இரண்டு நாற்காலி. தங்கபுஷ்பம் நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

முதலில் செடியின் படம். பிறகு செல். பிறகு கசிவின் அளவைக் காட்ட நான்கு கம்பி நிற்கிற படம். முதல் கம்பி, ஒன்றும் செய்யாத செல், குட்டையாக இருந்தது. இரண்டாவது நஞ்சு மட்டும் விட்டது, ஓங்கி நின்றது. மூன்றாவது, முன்னால் சாறு கொடுத்தது, பாதிக்கு இறங்கியிருந்தது. ஒவ்வொன்றிலும் நிறுத்தி, விரலை வைத்து, அழகாகச் சொன்னாள். எனக்கே புரிந்தது.

“நாலாவது, பின்னால குடுத்தது. இத நாளைக்கு அங்க விரிவாச் சொல்லணும். ஒங்களுக்கு வேண்டாம், போரடிக்கும்” என்று சொல்லி அடுத்த படத்துக்குத் தள்ளிவிட்டாள். இரண்டு நொடி இருந்திருக்கும்.

ஒரு வேனின் கதவும் பக்கத்துக் கதவும் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று அளவுகோல் இல்லாமல் பார்த்துப் பிழைத்தவனுக்கு இரண்டு நொடி அதிகம்.

“எப்படி இருந்துச்சு?” என்றாள்.

“கொஞ்சம் மெதுவாப் பேசுட்டி. ரயிலப் புடிக்கப் போற மாதிரி இருக்கு” என்றாள் அம்மா.

“யப்பா, நீங்க? எதும் கேக்கணுமா?”

என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். லேப்டாப் மூடியில் கை. கேட்டுவிடுவேனோ என்று பயந்த முகம் அது. சின்ன வயதில் ரேங்க் கார்டை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றபோதுகூட அவ்வளவு பயந்ததில்லை.

“ஒண்ணுமில்லம்மா. எல்லாம் நல்லா வெளங்குச்சு” என்றேன். அவள் லேப்டாப்பை மூடினாள்.

நாலாவது கம்பி ரெண்டாவது கம்பியோட ஒரே உயரம்தான் ஹெப்சி, நான் பார்த்துட்டேன் என்பதை மட்டும் நான் சொல்லவில்லை.